காயத்துக்கு அடியில்

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பன்றி இறைச்சி வாங்கக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தோலும் கொழுப்பும் தசையும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் வயிற்றுப் பக்கத் துண்டுதான் எனக்கு வேண்டும். தோலை உரிக்கக் கூடாது. நான் அதைச் சமைப்பதற்காக வாங்கவில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. அவர் கத்தியை எலும்பில் இறக்கிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அம்மா.

"வேகம் அக்கா வீட்டுக்குப் போ. அடி நடக்குதாம். பக்கத்து வீட்டுச் சேச்சி இப்பதான் விளிச்சுச் சொன்னா. நான் பின்னாலயே வாரேன்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். அக்கா கொச்சங்காடியில், ஒரு இஞ்சிக் கிடங்கின் பின்புறம் இருந்த வரிசை வீடுகளில் குடியிருந்தாள். வரிசையில் எல்லா வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. அக்கா வீட்டுக் கதவு வெறுமே சாத்தியிருந்தது. தள்ளியதும் திறந்துகொண்டது.

சமையலறைத் தரை முழுக்கத் தேங்காய்ப்பூ சிதறிக் கிடந்தது. தேங்காய் துருவும் சிரவை, பலாமரத்தில் செய்த கனத்த பலகை, இரும்பு நாக்கு மேலே பார்க்க மல்லாந்து கிடந்தது. அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து இடது மார்பை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். மூச்சு அவளுக்குப் பாதிதான் உள்ளே போனது. அத்தான் அவள் தலைமுடியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, அடுத்த அடிக்கு இடம் பார்ப்பதுபோலக் குனிந்து நின்றார்.

அக்கா ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் அதிகம், வரச் சொல்லியிருந்தார்கள். போகாதே என்று இவர் சொன்னார். போய்த்தான் ஆக வேண்டும் என்று இவள் சொன்னாள். நடந்தது அவ்வளவுதான். அவள் தேங்காய் துருவி முடித்து எழுந்த நேரத்தில் சிரவையைத் தூக்கி எறிந்திருக்கிறார். பலகையின் விளிம்பு மார்பில் பட்டது. அரை வட்டம் கூடுதலாகச் சுழன்றிருந்தால் இரும்பு நாக்கு இறங்கியிருக்கும்.

நான் எதையும் யோசிக்கவில்லை. கையிலிருந்த இறைச்சிப் பொட்டலத்தைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தேன். பை கிழிந்து கறித்துண்டு அவர் தோளில் விழுந்து வழுக்கிக்கொண்டு கீழே போனது. அக்காவின் முடியை விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"குடும்பக் காரியத்துல நீ எதுக்குடி கேறி வர்ற? போய் உன் எலியைப் பாரு!"

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். வேலையில் இருந்து நேராக வந்திருந்தாள். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களின் பச்சை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அவளைப் பார்த்ததும் அத்தான் கையை எடுத்தார். முகத்தில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தார். அது பன்றியின் ரத்தம். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அவர் குடிக்க மாட்டார். குடிப்பவராக இருந்திருந்தால் சொந்தக்காரர்களிடம் சொல்வதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். ஏலூரிலிருந்து அமிலம் ஏற்றும் டேங்கர் லாரி ஓட்டுபவர். வேகத்தடையில் அவரைப்போல மெதுவாக ஏறி இறங்க ஆள் கிடையாது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அந்த நிதானம் முழுவதும் ரோட்டிலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்குள் காலை வைத்தால் எதற்கு அடிப்பார் என்று சொல்ல முடியாது. சோறு குழைந்தாலும் அடி, விறைத்தாலும் அடி. குழந்தை இல்லை என்பதற்கும் அடி. ஒருமுறை அவள் கையை அடுப்புக் கம்பியில் வைத்து அழுத்தியிருக்கிறார். ஹோட்டலில் சுட்டுக்கொண்டதாக அதை எங்களிடம் சொல்லியிருந்தாள்.

அன்று அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மூன்றாம் நாள் அவர் வந்து வாசலில் நின்று அழுதார். அவள் திரும்பிப் போனாள்.

மார்பில் பட்ட இடம் முதலில் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்தது. பிறகு பச்சையாகி, ஓரங்களில் மஞ்சளானது. வீக்கம் வடிந்த பின்னும் உள்ளே ஒரு கட்டி நின்றது. ஒருநாள் அக்கா என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். புளியங்கொட்டையைப்போல உறுதியாக இருந்தது.

"அடிபட்ட நீரு கட்டியாயிருச்சு. தன்னால கரையும், பேடிக்க ஒண்ணுமில்ல" என்றாள்.

நான் வேலை செய்வது எறணாகுளத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். உடலைக் கிழிக்காமல், ஊசி குத்திச் சதை எடுக்காமல், சதைக்கு அடியில் இருக்கும் புற்றுக்கட்டியை ஒளியால் மட்டுமே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. டார்ச்சை உள்ளங்கைக்குப் பின்னால் வைத்து அடித்தால் கை சிவப்பாகத் தெரியும், எலும்பு தெரியாது. சதைக்குள் புகுந்த ஒளி நேராகப் போகாது. கூட்டத்தில் மாட்டிக்கொண்ட ஆள்போல நாலாபுறமும் தள்ளப்பட்டு வழிதவறும். அப்படிச் சிதறி வெளியே வருவதில், கட்டியிலிருந்து வந்தது எது, சும்மா சதையிலிருந்து வந்தது எது என்று பிரிக்க வேண்டும். அதற்காகத்தான் தங்கத் துகள்கள் செய்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. தண்ணீரில் கலந்தால் தங்க நிறமே இருக்காது, திராட்சைச் சாறுபோலச் சிவந்திருக்கும். ஒவ்வொரு துகளின் மேலும் ஒரு சாயத்தைப் பூசுவோம். கண்ணால் பார்க்க முடியாத, ஆழமாக ஊடுருவும் ஒரு லேசர் ஒளி பட்டால் அந்தச் சாயம் தனக்கே உரிய ஒரு ஒளிக்கோலத்தைத் திருப்பி அனுப்பும். வேறு எதுவும் அப்படி அனுப்பாது.

முதலில் இறைச்சியில் சோதிப்போம். கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே துகள்களைப் புதைத்து, ஒரு பக்கம் ஒளியை அனுப்பி மறுபக்கம் கேட்போம். கேட்பது என்றுதான் எங்கள் பேச்சில் சொல்வோம். அதற்குப் பிறகு எலிகள். ரோமம் இல்லாத, நோய் எதிர்க்கும் சக்தி இல்லாத எலிகள். விலாவில் புற்றுச் செல்களைச் செலுத்திக் கட்டி வளர விடுவோம். வளர்ந்த பின் வாலிலுள்ள ரத்தக் குழாய் வழியாகத் துகள்களை ஏற்றுவோம். புற்றுக்கட்டி அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி. அதன் ரத்தக் குழாய்களில் ஓட்டைகள் இருக்கும். துகள்கள் அந்த வழியாகக் கசிந்து கட்டியில் தங்கிவிடும். பிறகு எலியை மயக்கி, லேசர் அடித்து, கட்டி எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்று பார்ப்பதற்குக் கடைசியில் எலியைக் கொல்ல வேண்டும்.

கொல்வது என் வேலைகளில் ஒன்று. மயக்கம் கொடுத்து, தலைக்குப் பின்னால் விரலை அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. கழுத்தெலும்பு விலகுவது விரலில் தெரியும். தயங்கினால் எலிக்கு வலிக்கும், அதனால் தயங்கக் கூடாது என்று என் பேராசிரியை பழக்கியிருந்தார். நான் தயங்குவதில்லை.

இதெல்லாம் அக்காவுக்கும் ஓரளவு தெரியும். அதனால்தான் அவள் கேட்டாள்.

"உன் லைட்டை ஒருவாட்டி எனக்கு அடிச்சுப் பாரேன். ஆஸ்பத்திரிக்கெல்லாம் எதுக்கு?"

"அது மனுஷருக்கு இல்லக்கா. துகளை ரத்தத்துல ஏத்தணும். அதுக்கு இன்னும் அனுமதியே இல்ல. எலிக்கு மட்டும்தான்."

"அந்த வீட்ல நான் பின்ன யாரு?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் மார்பு வலித்து முகத்தைச் சுளித்தாள்.

அந்தக் கட்டி கரையும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு எலி.

ஆண் எலிகளை ஒரே கூண்டில் விட்டால் சில சமயம் ஒன்றையொன்று குதறிக்கொள்ளும். ஒரு காலையில் கூண்டைத் திறந்தபோது ஒரு எலியின் விலாவில் தோல் கன்றிச் சிவந்து பல் பதிந்திருந்தது. அதற்குப் புற்றுச் செல் செலுத்தியிருந்தோம், ஆனால் தொட்டுப் பார்த்தால் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. செல்கள் பிடிக்கவில்லை என்று நினைத்தோம். இருந்தாலும் துகள்களை ஏற்றி ஒளியை அடித்துப் பார்த்தேன். கடிபட்ட இடம் முழுவதும் பளிச்சென்று பதில் சொன்னது. அது எதிர்பார்த்ததுதான். அடிபட்ட சதையிலும் ரத்தக் குழாய்கள் உடைந்திருக்கும், அங்கேயும் துகள்கள் கசியும். "இது காயத்தோட ஒளி, தள்ளி வை" என்றார் பேராசிரியை. நானும் அப்படியே தள்ளி வைத்தேன்.

வழக்கப்படி அதையும் கொன்று அறுத்தேன். கன்றிய தோலை விலக்கி, தசையை விலக்கியபோது, அதற்கும் அடியில், வெளியே புடைக்காமல் உள்நோக்கி வளர்ந்த ஒரு வெள்ளைக் கட்டி இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே விரலை நுழைப்பதுபோல நுழைந்திருந்தது. நாங்கள் பார்த்த ஒளியில் அதுவும் கலந்திருந்தது. எல்லாவற்றையும் காயத்தின் கணக்கில் எழுதிவிட்டோம்.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்கு? இப்ப வலிகூட இல்லையே."

"அதுக்குத்தான். வலி போயும் கட்டி போகலையே."

அவள் போய் அத்தானிடம் அனுமதி கேட்டாள். அவர் முடியாது என்றார். மார்பில் அடிபட்ட தழும்போடு போனால் எப்படிப் பட்டது என்று டாக்டர் கேட்பார், போலீஸ் வரும், லாரி ஓட்டும் லைசென்சுக்கே ஆபத்து என்று அவருக்குப் பயம். "உன் தங்கச்சிக்கு வேற பணியில்ல. எலி அறுக்கிறவ என்னை அறுக்கப் பாக்கிறா" என்றாராம். அவளுடைய போனைத் தரையில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்து உடைத்தார்.

மறுநாள் காலை நானும் அம்மாவும் ஆட்டோவில் போனோம். அத்தான் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அம்மா அவரிடம் கெஞ்சினாள். என் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"மோனே, ஒரு ஸ்கேன் எடுத்திட்டுக் கொண்டுவந்து விட்டுர்றேன். நீயும் கூட வா."

அவர் அம்மாவைக் கன்னத்தில் அறைந்தார். அம்மாவின் கண்ணாடி பறந்து சாக்கடையில் விழுந்தது. அவள் கீழே குனிந்து அதைத் தேடினாள். அப்போது முதுகில் ஒரு உதை விட்டார்.

அக்கா அதுவரை உள்ளே கைகட்டி நின்றாள். அத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூடத் திருப்பி அடித்ததில்லை. அம்மா விழுந்ததைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டாள். அது வார்த்தை இல்லை. ஓடிவந்து, கதவு நிலையைப் பிடித்திருந்த அவர் முன்கையில் பற்களை இறக்கினாள். அவர் மற்றக் கையால் அவள் தலையில் குத்தினார். காதில் குத்தினார். அவள் விடவில்லை. அவர் கத்தியபடி அவளையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து பிடித்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள். முன்கையில் ஒரு துண்டுச் சதை தொங்கியது.

அக்கா சாலையில் துப்பினாள். சிவப்பாக இருந்தது. பிறகு புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

"வண்டி எடுங்க சேட்டா" என்றாள்.

ஆட்டோ பாலத்தில் ஏறியது. அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி இல்லாத கண்களால் வெளியே பார்த்தாள். அக்கா ஒரு தடவை "உப்புக் கரிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் இளவயது டாக்டர், பெண். முதலில் மார்பை இரண்டு தட்டுகளுக்கு இடையே நசுக்கி எடுக்கும் எக்ஸ்ரே. அடிபட்ட இடத்தை அது நசுக்கியபோது அக்கா கூண்டில் மாட்டிய மிருகம்போலக் கத்தினாள். அடுத்து ஸ்கேன். டாக்டர் கருவியைக் கட்டியின் மேல் நிறுத்திப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, விலாவை ஒட்டி நகர்த்தினார். அங்கே நின்றுவிட்டார். திரையில் எனக்கும் தெரிந்தது. சின்னதாக ஒரு கறுப்பு, ஓரமெல்லாம் முள்.

"இது எப்படிப் பட்டது?" என்று மலையாளத்தில் கேட்டார். காதுக்குப் பின்னால் அன்று காலையில் பட்ட புது வீக்கத்தையும் அவர் பார்த்திருந்தார்.

"வீணதா" என்றாள் அக்கா. விழுந்துவிட்டேன் என்று.

டாக்டர் இரண்டு இடங்களிலும் ஊசி போட்டுச் சதை எடுத்தார். அந்த ஊசியை விடும் கருவி துப்பாக்கிபோல டப்பென்று வெடிக்கும். ஒவ்வொரு டப்புக்கும் அக்கா முகத்தைக் கைகளால் மூடி உடலைச் சுருட்டினாள். ஊசி வலிக்காதபடி மரத்துப்போக மருந்து போட்டிருந்தார்கள். அவள் சுருண்டது சத்தத்துக்கு. "பேடிக்கண்டா, பயப்படாதே" என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு முறையும் அதேபோலச் சுருண்டாள்.

முடிவு வந்தபோது நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். விரலுக்குத் தட்டுப்பட்ட புளியங்கொட்டை புற்று இல்லை. அடிபட்டு இறந்துபோன கொழுப்பு. சில சமயம் அது புற்றைப்போலவே வேஷம் போடும் என்றார் டாக்டர். ஆனால் அதற்கு அடியில், விரலுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது புற்றுதான். சின்னது. அடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது முன்பே அங்கே இருந்தது, இப்போதே பிடித்துவிட்டோம், எடுத்துவிடலாம் என்றார்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்வரை அழவில்லை. வந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

செய்தி அத்தானுக்கு எட்டியது. கையில் கட்டோடும், ஒரு பையில் ஆப்பிளோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா உள்ளே விடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பயம் இருந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, ஒரு மாதிரியான வெளிச்சம் வந்தது.

"அப்ப நான் அன்னைக்கு எறியலைன்னா இது தெரிஞ்சே இருக்காதில்லையா?" என்றார்.

அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. உண்மையிலேயே அப்படி நம்பினார். அன்றிலிருந்து அதையே சாயாக்கடையிலும், லாரி நிற்கும் இடத்திலும், சொந்தக்காரர்கள் வீட்டிலும் சொல்லித் திரிந்தார். தன் கைதான் அவளைக் காப்பாற்றியது என்று. கொஞ்ச நாளில் சொந்தக்காரர்களும் அதைச் சொல்லத் தொடங்கினார்கள். அம்மாவின் தங்கை போனில் கூப்பிட்டு, "ஒரு வழிக்கு யோசிச்சா தெய்வம் அவன் கையில இருந்து செஞ்ச காரியம்தானே. அவளத் திரும்ப அனுப்பு. சுகமில்லாத பெண்ணைத் தனியா வெச்சுக் கொள்ளாதே" என்றாள்.

அதில் மிகக் கொடுமையான விஷயம், அது முழுப் பொய் இல்லை என்பது. அடி விழாவிட்டால் அந்தப் புளியங்கொட்டைக் கட்டி வந்திருக்காது. கட்டி வராவிட்டால் நான் அவளை இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். எங்கேயாவது அறுக்க முடியுமா என்று தேடுவேன். அறுக்க முடியாமல் கோபம் கைக்கு வரும். ஒருநாள் கூடத்தில் ஒரு எலியைக் கொல்லும்போது வாலை எவ்வளவு பலமாக இழுத்தேன் என்றால் தோல் உரிந்து என் கையோடு வந்துவிட்டது. எலி ஏற்கெனவே செத்திருந்தது. ஆனாலும் பேராசிரியை என் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொன்னார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அன்னைக்குக் கட்டி ஒளிஞ்சிருந்த எலியைக் கடிச்ச எலிக்கு நாம நன்றி சொல்லிட்டா வந்தோம்? அதைத் தனிக் கூண்டுல போட்டோம்."

அறுவை சிகிச்சை நடந்தது. மார்பை முழுதாக எடுக்கவில்லை, கட்டியையும் அக்குளில் சில நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அக்குளிலிருந்து நீர் வடிய ஒரு குழாய் வைத்து, அதன் முனையில் ஒரு சின்ன டப்பாவைத் தொங்கவிட்டிருந்தார்கள். அடுத்தடுத்து ஆறேழு படுக்கைகள் இருந்த வார்டு. பக்கத்துப் படுக்கையில் ஒரு வயதான பெண் படுத்திருந்தார். அவருடைய மகள் துணைக்கு இருந்தாள். சந்தையில் மீன் விற்பவள், நல்ல தாட்டியான ஆள்.

ஒரு காலை டாக்டர் அக்காவின் காயக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தான் வார்டுக்குள் வந்துவிட்டார். கணவன் என்று சொன்னதால் காவலாளி விட்டிருந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். அவளைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். பிறகு, அடக்க முடியாத பெருமையோடு, "ஞான் அடிச்சதுகொண்டல்லே டாக்டரே இது அறிஞ்ஞது" என்றார். நான் அடித்ததால்தானே இது தெரியவந்தது என்று.

டாக்டர் காயக் கட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"எதால அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"சிரவை. தேங்கா திருகுற சிரவை."

"பக்கத்தில நின்னா, தூரத்தில நின்னா?"

அவர் கை நீட்டி இடைவெளியைக் காட்டினார். எப்படித் தூக்கினார் என்றும் காட்டினார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கட்டை ஒழுங்காக ஒட்டி முடித்து, கையுறையைக் கழற்றினார். நர்ஸிடம் திரும்பி, "கீழே இருக்கிற போலீஸ்காரங்களை வரச் சொல்லு. அடிதடிக் கேஸ்" என்றார்.

நர்ஸ் வாசலைப் பார்த்து நடந்தார். அத்தான் டாக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலின் மேல் பாய்ந்தார்.

"ஆஸ்பத்திரியில வெச்சு என்னை ஒத்திக் கொடுக்கிறியாடி, காட்டிக் கொடுக்கிறியா?"

அக்காவின் கழுத்தைப் பிடித்தார். நான் அவர் சட்டையை இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார், உதடு கிழிந்தது. அவர் கை அந்தக் குழாயில் சிக்கியது. சிக்கியதா, பிடித்து இழுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழாய் தையலோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. படுக்கை விரிப்பு கண்முன்னே சிவந்து பரவியது. டாக்டர் தன் உள்ளங்கையை அந்த ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினார்.

அப்போது ஒரு மணியடித்ததுபோலச் சத்தம் கேட்டது. அந்த மீன்காரப் பெண் கஞ்சி கொண்டுவந்த ஸ்டீல் தூக்கால் அவர் மண்டையில் போட்டிருந்தாள். கஞ்சி அவர் முகமெல்லாம் வழிந்தது. சூடு தாங்காமல் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பியபோது இன்னொன்று போட்டாள். அவர் மண்டியிட்டார். அதற்குப் பிறகு வார்டிலிருந்த துணையாட்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். காவலாளிகள் வந்து அவரை அவர்கள் கையிலிருந்து மீட்டுத்தான் இழுத்துப் போக வேண்டியிருந்தது. போகும்போதும், "நானாக்கும் அவளக் காப்பாத்தினது" என்று கத்திக்கொண்டே போனார்.

அக்காவை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் ஒரு பெண் போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்தார். அக்கா என்ன சொல்வாள் என்று எனக்கு நிச்சயமில்லை. அம்மாவுக்கும் இல்லை. அவள் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"விழுந்தேன்னு முன்ன சொன்னது கள்ளம். சிரவைய எறிஞ்சாரு. அதுக்கு முன்ன இடுப்புல மிதிச்சாரு. அதுக்கு முன்ன கையை அடுப்புல வெச்சாரு."

பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். கல்யாணம் முடிந்த முதல் வாரம் வரைக்கும் போனாள். எங்களுக்குத் தெரியாதவை எத்தனையோ அதில் இருந்தன. ஒரு கட்டத்தில் அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். அந்தப் பெண் போலீஸ் இடையில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் மெல்ல சொல்லு மோளே, நேரமிருக்கு" என்றார்.

அத்தான் கொஞ்ச காலம் சிறையில் இருந்தார், பிறகு ஜாமீனில் வந்தார். வந்த வாரமே எங்கள் வீட்டு ஜன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தார். ஒரு கல் அம்மாவின் தோளில் பட்டது. கோர்ட்டில், அவர் எங்கள் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு வாங்கினோம். வழக்கு இன்னும் நடக்கிறது. டாக்டர் சாட்சி சொல்ல வந்தார், மீன்காரப் பெண்ணும் வந்தாள். அங்கே அவருடைய வக்கீல், என் கட்சிக்காரர் தன் மனைவியை ஒருநாளும் தொட்டதே இல்லை என்றார். காப்பாற்றிய கதையை அங்கே யாரும் எடுக்கவில்லை.

அக்காவுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். தோல் வெந்து உரிந்தது. அவள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சுட்ட வலி பழக்கம்தான் என்று ஒருமுறை சொன்னாள், அதோடு சரி. இப்போது திருப்பூணித்துறையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். இதுவரை எதுவும் திரும்ப வரவில்லை. இன்னும் கதவு பலமாகச் சாத்தும் சத்தம் கேட்டால் முகத்தை மூடுகிறாள். பிறகு கையை எடுத்துவிட்டு, செய்துகொண்டிருந்ததைச் செய்கிறாள்.

கூடத்தில் நாங்கள் இப்போது இரண்டு விதத் துகள்களை ஒன்றாக ஏற்றுகிறோம். ஒன்று புற்றுச் செல்லைத் தேடிப் பிடித்துக்கொள்வது, மற்றொன்று எதையும் பிடிக்காமல் கசிகிற இடத்திலெல்லாம் கசிவது. இரண்டுக்கும் வேறு வேறு சாயம். காயத்தில் இரண்டும் சமமாக இருக்கும். கட்டியில் முதலாவது கூடுதலாகத் தங்கும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால், காயத்துக்குள் ஒளிந்திருப்பதைப் பிரித்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம். பல மாதங்கள் அது பலிக்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், விலாவில் கன்றிய ஒரு எலியில், கன்றல் முழுவதும் மங்கி, நடுவே ஒரு புள்ளி மட்டும் தனியாக நின்றது. அறுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் கட்டி இருந்தது. பேராசிரியை என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

மனிதருக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், வராமலும் போகலாம். இருந்தாலும் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"காயம் வேற கட்டி வேறன்னு மிஷின் சொல்லிருச்சா?" என்று கேட்டாள்.

"சொல்லிருச்சு. ஒரு எலியிலதான்."

"நல்லது. வெச்சிடு, மீன் அடி பிடிக்குது" என்றாள்.